செவிலில் அழுத அரசன்

— இதுக்காகத்தான் லவாலிலயிருந்து நோத்ர-டாம்-த-கிரேசில என்ர வீட்டுக்கு வந்தனியோ, சுதாஜினி? மீன்குழம்பை வச்சிட்டுப் போ. கொள்ளிக் கதையை எடுக்காதை.

— எடுக்கத்தான் மாமா வந்தநான். வியாழக்கிழமை உங்களுக்குக் கண் ஒப்பரேசன். அதுக்குள்ள, "என்ர பிணத்துக்கு நீ கொள்ளி வைக்கப்படாது" என்டு உங்கட மகன் ரதீசனுக்குச் சொன்னதைத் திருப்பி எடுங்க. அந்தச் சொல்லோடதான் என்ர மனிசன் படுக்கிறார், அதோடதான் எழும்புறார்.

— இந்த வெளிநாட்டில கொள்ளி எண்டுறது மின்சுடலையில ஒரு பட்டன். ஆர் அமத்தினா என்ன?

— ஆர் அமத்தினா என்ன என்டா, அவரே அமத்தட்டுமே.

— கெட்டிக்காறி. உன்னை மட்டக்களப்பில, கோட்டில வாதாட அப்புக்காத்துக்குப் படிப்பிச்சிருக்கோணும்.

— மறுகா, கதையை மாத்த அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தைத் தூக்குவீங்க. இந்தா, தூக்கிட்டீங்க.

— இது ஸ்பெயின் ராசா, பிள்ளை. அல்போன்சோ. எழுநூறு வருசத்துக்கு முந்தின ஆள். யூதன், முஸ்லிம், கிறிஸ்தவன் எல்லாரையும் கூட்டி இருத்தி, அரபுப் புத்தகங்களை மொழிபெயர்ப்பிச்சவன். படிச்ச ஆக்கள் லத்தீனை விடமாட்டம் எண்டு நிண்ட காலத்தில, சட்டம், வானசாஸ்திரம், வரலாறு எல்லாத்தையும் சனம் கதைக்கிற பாசையில எழுதுவிச்சவன். எப்பிடி ஒரு மனிசன்!

— அவருக்கும் ஒரு மகன் இருந்திருப்பான்.

— இருந்தான். சாஞ்சோ. மூத்தவன் செத்துப்போக அடுத்தவன். ராசாவுக்கு முகத்தில வருத்தம், ஒரு கண் வெளியால தள்ளிக்கொண்டு நிக்குது. அந்த நேரம் பாத்து இவன் பெரிய ஆக்களைக் கூட்டி அதிகாரத்தைப் பறிச்சுப்போட்டான். செவில் நகரமும் ஒண்டிரண்டு ஊரும்தான் ராசாவோட நிண்டது.

— நீங்க கண்ணுக்காக ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள கடைப் பங்காளிமார் கழண்டு போகப் பாத்தாங்க. மரக்கறிக் கடையைத் தாங்கினது உங்கட மகன்தான்.

— தாங்கட்டும். ரதீசன் கடைப் பூட்டை ஏன் மாத்தினவன்? ஜான்-டலோன் சந்தையடியில, கண்ணில கட்டோட நிண்டு திறப்பைத் திருப்புறன், திரும்புதில்லை. கறிவேப்பிலை வாங்க வந்த சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்குது.

— பாதிக் கண்ணோட விடியக்காலையில கடை திறக்க வான் ஓட்டிக்கொண்டு போவீங்க என்டு பயந்துதான் மாத்தினவர். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரேல்ல. உங்கட பிள்ளைதானே, எப்பிடி வரும்?

— உதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

— கேட்டாத்தானே சொல்ல. மறுகா அந்த ராசா என்ன செய்தவர்?

— மகனுக்குச் சாபம் போட்டான். ஆனா சும்மா குந்தியிருக்கேல்லை. நாடு கைவிட்டுப் போன பிறகும், செவிலில இருந்துகொண்டு சதுரங்கத்தைப் பற்றிப் படங்களோட ஒரு பெரிய புத்தகம் செய்விச்சு முடிச்சான். ஆருக்கு வரும் அந்த மனம்!

— மகன் வந்து பாக்கேல்லையா?

— தூது போய் வந்தது. ரெண்டுபேரும் நேர சந்திக்கேல்லை. ஒருக்கா, மகன் செத்திட்டான் எண்டு பொய்ச்செய்தி வந்தது. ராசா தனி அறைக்குள்ள போய் அழுதவனாம். வைத்தியன் கண்டிட்டான். உடன, "மகனுக்காக இல்லை, என்ர ராச்சியம் இனித் திரும்பி வராது எண்டுதான் அழுறன்" எண்டவனாம். பழைய வரலாற்றில அப்பிடிக் கிடக்கு.

— அவ்வளவு படிச்ச மனிசன், ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியேல்ல.

— ஓம். அந்த இடத்தில நான் புத்தகத்தை மூடி வச்சிட்டன்.

— முடிவு தெரியாதா, மாமா?

— தெரியும். கொஞ்ச நாளில ராசா செத்தான். சாஞ்சோதான் அடுத்த ராசா. சாபத்தை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. மகன்ர முகத்தைப் பாக்காமல் போனதுதான் மிச்சம்.

— அப்ப நான் என்ன சொல்லட்டும்? அவர் கீழ, காருக்குள்ள இருக்கிறார். மேல வரப் பயம்.

— கொள்ளிக்கு இப்ப அவசரமில்லை, பிள்ளை. இறங்கிப் போய்க் கேள், ஒத்தைக் கண் கிழவன் ஒருத்தனை மரக்கறி அடுக்க அவன்ர கடையில வேலைக்கு எடுப்பானோ எண்டு.