காய்ந்த கரும்பும் தப்பான நினைப்பும்

இட ஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் நகரவில்லை. என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் பொரிந்தாள்.

“தப்பா நெனைக்கிறதாலதான் என் தங்கச்சிக்கு மனசு சரியில்லையாம். டாக்டர் சொல்றாருக்கா!”

“அவர்கிட்ட காட்டியும் கொணமாவலயா?”

“கொஞ்சம் ஆச்சு. போன மறியல்ல ஆலைக்குப் போவாம அவ வெட்டுன கரும்பு காஞ்சிப் போச்சில்ல, ஊரே சிரிக்குதுன்னு படுத்தே கெடந்தா. சிரிக்கிறாங்களான்னு நாலு வூட்ல போய்ப் பாருன்னாரு டாக்டரு. போனா, அங்கயும் கரும்பு காஞ்சி அதே அழுகை, யாரும் சிரிக்கல. வந்து சோறு துன்னா.”

“அப்பறம் இன்னாடி கோவம்?”

“இப்ப பொழப்பு போச்சேன்னு அழுவுறா. அதுவும் நெனப்புதான், மாத்திக்கோன்றாரு. கரும்பு காஞ்சது அவ மண்டையிலயா, கழனியிலயா? இன்னும் அங்கதான் கெடக்குது. அது மேல நின்னுக்கினு சொல்லட்டும் அவரு!”