குண்டும் நாற்பதடிச் சுவரும்

பெயரும் விலாசமும் மேலே போலீஸார் எழுதிக்கொண்டார்கள். வயது ஐம்பத்தெட்டு. தொழில் கொத்து வேலை. படிப்பு எட்டாவது, அதிலும் கணக்கில் பெயில்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மூடிக் கிடந்த ஐஸ் தொழிற்சாலையை என் மகள் குத்தகைக்கு எடுத்து, இன்றைய ஓவியர்களுக்கு ஒரு கலைக்கூடம் கட்டப்போவதாகச் சொன்னாள். நான், "ஐஸே நிக்காத இடத்துல படம் நிக்குமாடி?" என்றேன். "சுவத்த நீங்க நிக்க வைங்க. படத்த நான் நிக்க வைக்கிறேன்" என்றாள். அதன்பின் குளிர் அறைகளை இடித்து, நடுக்கூடத்தில் நாற்பதடி நீளத்துக்குச் சுவர் எழுப்பிப் பூசியது நான்தான். படங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவை நேராகத் தொங்க வேண்டும் என்பது மட்டுமே.

திறப்பு இன்று மாலை ஐந்து மணிக்கு என்றிருந்தது. காலை ஒன்பது மணிக்கு நான் பேருந்தில் வரும்போது மகள் போன் செய்து, பெரிய படம் கோணலாகத் தெரிகிறது, சுவர் சாய்ந்திருப்பதாக ஓவியர் சொல்கிறார் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "குண்டோடதான் வந்துக்கிட்டிருக்கேன். கூட்டம் வர்றதுக்குள்ள உன் கலைக்கூடத்து நடுவுல போட்டுக் காட்டுறேன், அப்பத் தெரியும் நான் யாருன்னு" என்று கத்தினேன். பக்கத்து இருக்கை அம்மா குடையைக்கூட எடுக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். மறதி போல என்று குடையை எடுத்து வைத்தேன்.

அதன்பின் நான் கலைக்கூடத்துக்குள் நுழையும்போது, அந்த அம்மா தகவல் கொடுத்ததாகச் சொல்லிப் போலீஸ் வந்து எல்லோரையும் தெருவுக்கு அனுப்பியது. ஆய்வாளர், "பையில என்ன பெரியவரே?" என்றார். "குண்டுங்க" என்றேன். எல்லோரும் பின்வாங்கினார்கள். "அரைக் கிலோதாங்க, பயப்படாதீங்க" என்று தைரியம் சொன்னேன். மகள், "ஐயோ அப்பா, கொஞ்சம் வாய மூடுங்க! சார், அது சுவர் நேரா இருக்கான்னு பாக்குற கொத்தனார் தூக்குக்குண்டு!" என்றாள்.

அதன்பின் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆய்வாளர் அதை நிரூபிக்கச் சொன்னார். ஏணியில் ஏறிக் குண்டை இறக்கினேன். நூலுக்கும் சுவருக்கும் மேலே ஒரு விரற்கடை இடைவெளி, நடுவிலும் அதே, கீழேயும் அதே. நாற்பதடியும் பார்த்தேன். ஆய்வாளர் குனிந்து பார்த்துவிட்டு, "நூல் பிடிச்ச மாதிரி இருக்கே!" என்றார். "நூல்தாங்க பிடிச்சிருக்கேன்" என்றேன். கோணியிருந்தது படத்தின் சட்டம். ஓவியரே ஒத்துக்கொண்டார்.

முப்பது பேர் வந்தால் பெரிது என்றிருந்தாள் மகள். குண்டு பார்க்கக் கூடிய தெரு மொத்தமும் ஐந்து மணிக்கு உள்ளே வந்தது. வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்த பிறகுதான் படத்தைப் பார்த்தார்கள்.

நான் சொன்னதை எழுதி, படித்துக் காட்டினார்கள். நூலளவும் பொய் இல்லை. அந்த அம்மாவின் குடையை இத்துடன் ஒப்படைக்கிறேன். நிலையத்தில் வாங்கி வைத்த என் குண்டைச் சீக்கிரம் தர வேண்டுகிறேன். அதைத் தொங்கவிட என் மகள் நடுக்கூடத்தில் ஆணி அடித்துக் காத்திருக்கிறாள்.

(ஒப்பம்)
கொத்தனார், கலைக்கூடக்காரியின் அப்பா