வலிக்காத இடது கண்

எனக்குச் சர்க்கரை போடாத காபி போதும். விழித்திரை மருத்துவனாக இத்தனை வருடம் இருந்ததில், சர்க்கரை நோய் கண்ணை என்ன செய்யும் என்று பார்த்துப் பார்த்தே வாயைக் கட்டிக்கொண்டேன்.

வீரமலையைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை முற்றி இரண்டு கண்ணிலும் விழித்திரை ஒரே அளவுக்குக் கெட்டிருந்தது. லேசர் வைத்தால் இருக்கிற பார்வை போகாமல் நிற்கும். வைக்காவிட்டால் உள்ளே ரத்தம் கசிந்து பார்வை போகும். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் திருச்சிக் கண்களில் யாரும் நிரூபித்துக் காட்டியதில்லை. அந்தக் குறை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

கடவுள் ஒவ்வொருவருக்கும் இரண்டு கண் கொடுத்திருக்கிறார். ஒன்று சிகிச்சைக்கு, ஒன்று ஆராய்ச்சிக்கு. வலது கண்ணுக்கு லேசர் வைத்தேன். இடது கண்ணுக்கு, இயந்திரம் குறிபார்க்கப் பயன்படுத்தும் சிவப்பு வெளிச்சத்தை மட்டும் காட்டினேன். எந்தக் கண் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யவில்லை. பஸ் ஓட்டுபவருக்கு ஓவர்டேக் செய்ய வலது கண் வேண்டுமே என்று யோசித்துத்தான் இடதை எடுத்துக்கொண்டேன். இந்த அக்கறையையும் உங்கள் விசாரணைக் குழு குறித்துக்கொண்டால் நல்லது.

லேசர் வலிக்கும். வலது கண்ணுக்கு வைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கண் முடிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“இந்தக் கண்ணுல துளி வலி இல்லீங்க டாக்டர். உங்களுக்குக் கைராசிங்க.”

அவர் மனைவி வேணி மட்டும், “ரெண்டு கண்ணுக்கும் வெச்சாச்சுங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டுலயும் வெளிச்சம் பட்டிருக்கும்மா” என்றேன். எனக்குப் பொய் வராது.

கைராசி என்ற பேர் காந்தி மார்க்கெட் வரை போனது. மூட்டை தூக்குபவர், வெங்காய வியாபாரி என்று தெரிந்தவர்களையெல்லாம் வீரமலையே அழைத்து வந்தார். எல்லோரும் இடது கண் வலிக்கவில்லை என்று சந்தோஷமாகத் திரும்பினார்கள். ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பது எவ்வளவு சிரமம் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த ஆடிக்குள் வீரமலையின் இடது கண்ணில் ரத்தம் இறங்கிவிட்டது. இடதுபுறம் ஸ்டாப்பில் நின்ற ஒரு பெண்ணைப் பஸ் உரசியது. கை முறிந்ததோடு போயிற்று. முதலாளி அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். இப்போது சத்திரத்தில் நின்று “ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்” என்று ஆள் கூப்பிடுகிறார்.

என் கட்டுரைக்கு மாநாட்டில் தங்கப் பதக்கம் கிடைத்தது. பாராட்டு விழாவில் எனக்குச் சால்வை போட அவரையே மேடைக்கு அழைத்தேன். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல், சால்வையை என் தோளுக்கு வெளியே போட்டார். கூட்டம் சிரித்தது. நானே குனிந்து எடுத்துக்கொண்டேன். எனக்குக் கர்வம் கிடையாது.

பிறகு வேணி அவரைத் தஞ்சாவூரில் வேறொரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். லேசர் விழித்திரையில் தழும்பு விடும். வலது கண்ணில் தழும்பு இருந்தது, இடதில் இல்லை. வேணி நேராக என் கிளினிக்குக்கு வந்துவிட்டார்.

“அந்தக் கண்ணுக்கு ஏங்க வெக்கல? வெச்சிருந்தா பார்வை நின்னிருக்குமாமே?”

“நிச்சயமா நின்னிருக்கும்மா. அதைத்தானே நான் நிரூபிச்சிருக்கேன்.”

அவர் ஒரு கும்பிடுகூடப் போடாமல் எழுந்து போனது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஆம், செய்தேன். வீரமலைக்கும், அவர் கூட்டிவந்த எல்லோருக்கும் செய்தேன். வாயைக் கட்டியும் போன வருடம் சர்க்கரை என் விழித்திரைக்கே வந்தது. என் பழைய மாணவன் ஆசீர் சென்னையில் லேசர் வைத்தான். இரண்டு கண்ணுக்குமா என்று கேட்பீர்கள். ஆராய்ச்சி செய்பவன் தன்னையே அதில் சேர்த்துக்கொள்வது முறையல்ல. முறை தவறி நான் எதுவும் செய்ததில்லை. இடது கண்ணும் வலித்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.