படகைத் திருப்பும் அதிகாரம்

என் பெயர் ஹில்லாரி மச்சாது. தொழிலால் வழக்கறிஞன். கடலில் காயம்படுகிறவருக்குச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்த விசைப்படகுத் தொழிலாளர் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன். சட்டப் பிரிவுகளை வரிசையாக வாசித்தால் பாதிப் பேர் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவீர்கள்... அது எனக்குத் தெரியும். ஆகவே ஒரு கதை சொல்கிறேன். சின்னக் கதைதான்.

கஸ்பார் என்று ஒருவர். இழுவைப் படகில் வேலை. ஒரு நாள் வலையை ஏற்றும்போது, வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் உருளையில் சுற்றிய கம்பிவடம் அவருடைய வலது கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. படகின் டிரைவர், முதலாளிக்கு மைத்துனர். அவர் உடனே வயர்லெஸ்ஸில் கரையைக் கூப்பிட்டார். கரையில் முதலாளி ரெமிஜியுஸ்.

“அத்தான், கஸ்பாருக்குக் கை நசுங்கிட்டு. ரத்தம் நிக்கல. போட்டைத் திருப்பட்டா?”

என்ன பதில் வந்தது?

“மீன் படுற நேரத்துல திருப்புவியால? துணியைச் சுத்தி உக்கார வை. இன்னும் ஒரு இழுப்பு இழுத்துட்டு வா.”

இழுத்தார்கள். கரை சேர்ந்தபோது சாயங்காலம். மருத்துவர் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முன்னாடியே வந்திருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம்.”

கஸ்பார் இழப்பீடு கேட்டார். தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் விசாரணை. அங்கே முதலாளி என்ன சொன்னார் தெரியுமா?

“ஐயா, இவரு என் வேலையாளே இல்ல. சம்பளம் கிடையாது. பிடிச்ச மீனை வித்து, டீசல் செலவு போக மிச்சத்தைப் பங்கு போடுறோம். இவரு என் கூட்டாளி. கூட்டாளிக்கு எதுக்கு இழப்பீடு?”

யோசித்துப் பாருங்கள். வேலையாள் என்றால் இழப்பீடு உண்டு. கூட்டாளி என்றால் இல்லை. வழக்கே அந்த இடத்தில்தான் நிற்கிறது. அதிகாரி கஸ்பாரைக் கேட்டார்: “நீங்கள் இவரிடம் கூலிக்கு வேலை பார்த்தவர்தானே?”

நம் கஸ்பார்... நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு...

“கூலியா? நாங்க பங்குக்காரங்கய்யா. கைநீட்டிக் கூலி வாங்குற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.”

முதலாளி சிரித்தார். கஸ்பாரின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். நீங்களும் சிரிக்கிறீர்கள்... உங்களில் எத்தனை பேர் வேறு பதில் சொல்லியிருப்பீர்கள்?

அவருக்காக ஆஜரானவன் நான். முதலாளியிடம் கேட்டேன்: “கை நசுங்கிய பிறகும் படகு திரும்பவில்லையே... அது யார் முடிவு?”

“கடல்ல நடந்தது கரையில இருந்த எனக்கு எப்படித் தெரியும்? அவங்களாத்தான் நின்னு மீன் பிடிச்சிருக்காங்க.”

மைத்துனரும் தலையாட்டினார். விசாரணை தள்ளிவைக்கப்பட்டது.

முதலாளி ஒன்றை மறந்துவிட்டார். வயர்லெஸ் என்ன, தொலைபேசியா? ஒருவர் பேசினால் அந்தச் சேனலில் இருக்கிற அத்தனை படகும் கேட்கும். அன்றும் கேட்டது. ஆனால் கேட்டதை வந்து சொல்வது யார்? ஒவ்வொருவரும் ஒரு முதலாளியிடம் பிழைப்பவர். ஒரு முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னவரை இன்னொரு முதலாளி தன் படகில் ஏற்றுவாரா?

வந்தார் ஒருவர். பெயர் சவரியான். வேறொரு படகின் டிரைவர். வலை சிக்கிய தகராறில் கஸ்பாரோடு பல வருஷமாகப் பேச்சே இல்லாதவர். அவருடைய முதலாளியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சவரியான் அதிகாரி முன்னால் நின்று, தான் கேட்டதை, கேட்ட அதே குரலில் பேசிக் காட்டினார். “மீன் படுற நேரத்துல திருப்புவியால?...”

“அது இவர் குரல்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?” என்றார் அதிகாரி.

“இவரு தன் ஆளுகளை ஏசுறதைக் கேட்டுக்கிட்டேதான் தெனமும் நாங்க கஞ்சி குடிக்கோம்யா. ஒரு நாள் சத்தம் கேக்கலன்னா, அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்னமோன்னு நினைப்போம்.”

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். “கஸ்பார் உமக்கு வேண்டியவரோ?”

“இவனா? இவன் மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்காது. அதுக்காக இவன் விரல் போனது பொய்யாயிருமா?”

அதிகாரி கஸ்பாரிடம் திரும்பினார். “இப்போது சொல்லுங்கள். நீங்கள் இவருக்குக் கூட்டாளியா?”

கஸ்பார் விரல் இல்லாத கையைப் பார்த்தார்... சவரியானைப் பார்த்தார்...

“பங்கு வாங்குனது நெசம்யா. ஆனா கூட்டாளியா இருந்திருந்தா, அன்னைக்குப் போட்டை நானே திருப்பியிருப்பேன்.”

கஸ்பாருக்கு இழப்பீடு தீர்ப்பானது. சவரியானின் முதலாளி வெளியே காத்திருந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லாருக்கும் பயம். அவர் சொன்னார்: “காலையில வந்து ஏறுல. என் குரலை மட்டும் எங்கயும் பேசிக் காட்டிராத.”

அன்பர்களே, பங்குக்காரர் என்பது உங்களுக்குப் பெருமை. அதை விட்டுவிடச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பணம் எப்படிப் பிரிகிறது என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. படகு யார் சொல்லிப் போகிறது... யார் சொல்லித் திரும்புகிறது... அதையும் கேட்கும். திருப்பும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்றால், திருப்பாததால் வந்த கேட்டை நீங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? இழப்பீடு கேட்பதால் யாரும் கூலிக்காரராகத் தாழ்ந்துவிடுவதில்லை. அது உரிமை.

கஸ்பார் வென்றதில் எனக்கு மகிழ்ச்சி. பெருமை எதில் தெரியுமா? பிடிக்காதவனுக்காகவும் உண்மையைச் சொல்ல இந்தக் கடற்கரையில் ஒருவர் எழுந்து வந்தாரே... அதில்.

அதோ, கடைசியில், சுவரோரம், கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார். இன்னும் எங்கேயும் மனுக் கொடுக்கவில்லை என்று இப்போதுதான் என்னிடம் சொன்னார்கள். ஐயா, நீங்கள் இங்கே வர வேண்டாம். நான் இந்த மேடையை விட்டு இறங்கி உங்களிடம் வருகிறேன். நடந்ததைக் கேட்டு, உங்கள் மனுவை இங்கேயே உட்கார்ந்து எழுதப் போகிறேன். இவருக்குக் காயம்பட்ட அன்று இவரோடு படகில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால்... என்னோடு வாருங்கள்.