சங்கத்தின் பெயர்

பென்னாகரத்திலிருந்து தர்மபுரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் நாளைய இன்டர்வியூவுக்கான ரெஸ்யூமை ஃபோனில் நண்பனுக்குக் காட்டினான்.

“சாதி சங்கத்த எடுத்துட்டா இதுல என் மார்க்குதான் மச்சா மிஞ்சும். அதையும் வெளிய காட்ட முடியாது.”

“சங்கத்துப் பேரப் பாத்ததும் நீ எந்தாளுன்னு தெரிஞ்சிடும்ல?”

“ரத்ததான முகாமெல்லாம் அதுல இருந்துதான நடத்துனேன்?”

“முகாம போடு. சங்கத்த வுட்டுடு.”

“இன்டர்வியூ எடுக்கறவரு நம்மாளா இருந்தா?”

“இல்லாட்டி?”

இண்டூர் வரும் வரை அவன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரத்தம் வாங்குனவங்க ஒருத்தரும் நான் எந்தாளுன்னு கேக்கல. இவங்க மட்டும் கேப்பாங்களா மச்சா?”

“எதுக்குக் கேக்கணும்? நீதான் பேருக்குக் கீழயே எழுதி வெச்சிருக்கியே.”