சீல் உடைக்காத களிம்பு

சால்மன் சூப்பில் உருளைக்கிழங்கு குழைந்துவிடக் கூடாது என்பது என் கட்சி. சம்பவத்துக்கு மறுநாள் எங்கள் ஆலையில் எல்லோருக்கும் அந்த சூப்தான் விருந்தாகக் கொடுப்பதாக இருந்தது, ஒரு வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக. எஃகுத் தகடுகளை அமிலத்தில் கழுவும் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். ஆகவே விருந்தில் பேச வேண்டியவனும் நான்தான். நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

மத்தியானம் இல்போ என் அறை வாசலில் வந்து நின்றான். நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஆள், நல்ல நண்பன். அமிலக் குழாயின் இணைப்பு கசிந்து, தொடைப் பக்கம் கால்சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லப்பா. சில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான். எதுக்கும் அந்தக் களிம்பப் போட்டுரலாமா?"

கால்சியக் களிம்பு என் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. அதன் சீலை உடைத்தால் ஆலை நர்ஸிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அது விபத்து என்று பதிவாகும்.

"வலிக்கலன்னா எதுக்கு? கழுவிட்டு வேற கால்சட்ட போட்டுக்க. உன்னால நாளைக்கு சூப்பு இல்லன்னு ஆச்சுன்னா, பசங்க உன்னைய வேகவெச்சுத் தின்னுருவானுங்க."

அவன் சிரித்தான். வலிக்காத காயத்துக்கு மருந்து கேட்பவனை பின்லாந்தின் எங்கள் பக்கத்தில் யாரும் மதிப்பதில்லை.

ஷிப்ட் முடிந்ததும் வழக்கம்போல் ஆலையின் சானாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், என் பக்கத்தில் உட்கார்ந்தான். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது நான்தான்.

"எலும்புக்குள்ள குடையுது, ரெயோ," என்றான்.

"சூடுய்யா அது. கொஞ்சம் பொறு."

பொறுத்துக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் அவன் மனைவி சிர்பா ஆம்புலன்ஸை அழைத்தாள். வழியிலேயே அவன் இதயம் நின்றுவிட்டது. அவளை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டீர்கள். தெரியும். அந்த அமிலம் முதலில் வலிக்காது. தோலைத் தாண்டிப் போய் இரத்தத்திலுள்ள கால்சியத்தைத் தின்னும், பிறகு இதயத்தை நிறுத்தும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். இல்போவும் என்னிடம்தான் கற்றுக்கொண்டான். அதனால்தான் களிம்பு கேட்டான்.

கொடுக்கவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கொடுக்கவில்லை. இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் இறந்தது ஆம்புலன்ஸில், ஆலைக்கு வெளியே. எங்கள் ஆலையில் அந்த வருடம் விபத்து எதுவும் நடக்கவில்லை.