முள்ளுக்காடுன்னு சொன்னவர்

"நம்ம வூடு இருந்த எடத்த முள்ளுக்காடுன்னு நானே சொல்லிட்டேன்க்கா."

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் இப்படிச் சொன்னார். கழுத்தில் டூரிஸ்ட் கைடு அட்டை தொங்கியது. பக்கத்தில் அவருடைய அக்கா, ஃபேக்டரி கேன்டீன் யூனிஃபார்மில்.

"யார்கிட்ட சொன்னே?"

"கம்பெனிக்கு வந்த வெளிநாட்டு கெஸ்ட்டுங்ககிட்ட. மொதல்ல கோயில காட்டினேன். பழைய கதையெல்லாம் கேட்டு அசந்துட்டாங்க. அப்புறம் பிளான்ட் கேட்டாண்ட வேன் நின்னுச்சு. ஒரு அம்மா, இது வர்றதுக்கு முன்னாடி இங்க இன்னா இருந்துச்சுன்னு கேட்டாங்க. மேனேஜர் பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தாரு. ஒண்ணுமில்ல, வெறும் முள்ளுக்காடுன்னுட்டேன்."

"நாப்பது வூடு இருந்துச்சுடா. கம்பெனிக்கு எடத்த எழுதிக் குடுத்து கையெழுத்து போடமாட்டேன்னு அப்பா வாசல்லயே படுத்துக்கினாரு. நாலு பேர் சேந்து தூக்கி ரோட்டுல போட்டாங்க. மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. சொன்னா வேலை போயிடும். நீயும் அங்கதானே சோறு போடுறே?"

"சோறு போடுறேன். எங்கப்பன் அங்க வாழவே இல்லேன்னு எவன்கிட்டயும் சொல்லல."

தம்பி கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு மெதுவாக, "நாளைக்கும் ஒரு குரூப் வருது" என்றார்.

"அவங்களும் கேட்டா?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒரகடத்துக்கு இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது. முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இறங்கும்வரை திரும்பவே இல்லை.